விடும்போது

கோட்டையூர் ரோட்டில் பலகாரக் கம்பெனி.
அங்கே எனக்குக் கடிக்கிற வேலை.
ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒன்று.
தேன்குழல் என்றால் நாக்கிலேயே உடைய வேண்டும்,
சீப்புச் சீடை கடைவாய்க்குப் போகும்,
வலது கடைவாய்க்கு.
தலையை ஆட்டினால் டின்னில் ஏறும்.
ஆட்டாவிட்டால் உமையாள்
அடுப்பைப் பார்த்துத் திரும்புவாள்.

பதினோரு வருஷம் ஆட்டிய தலை.
போன ஆடியில் ஒரு நாள்
சீடையோடு சேர்ந்து வேறெதுவோ உடைந்த மாதிரி
சுள்ளென்று காதுவரை ஏறியது.

செக்காலை டாக்டர் படம் எடுத்தார்.
ஆறாம் பல் என்றார்.
வேரைக் குடைந்து நரம்பை உருவி
மேலே கேப் மாட்டினார்.
ஆறாயிரத்து ஐநூறு.
சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினேன்.
பளபளவென்று
பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது
என் வாயில்.

வலி மட்டும் கிளம்பவில்லை.

பழகிடும் என்றார்.
அடுத்த முறை, உயரம் கொஞ்சம் கூட என்று தேய்த்தார்.
அதற்கடுத்த முறை ஈறு.
அதற்கும் அடுத்த முறை
வீட்டில் ஏதும் கவலையா என்று கேட்டார்.
வீட்டில் செவந்தியப்பன்
கிராம்பை நீட்டினார், கேப்பைக் கழற்றி எறி என்றார்,
தூங்கிப்போனார்.

இடது பக்கத்துக்கு மாறினேன்.
இடது கடைவாய்க்குப் பதம் தெரியாது.
கோயம்புத்தூர் போன ஒரு டின் மனகோலம்
நமுத்துத் திரும்பி வந்தது.
உமையாள் ஒன்றும் சொல்லவில்லை.
மூடியைத் திறந்து
என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மாசியில் தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன்.
டாக்டர் ஷமீமா, சின்ன வயசு,
படத்தை அப்புறம் பார்க்கிறேன் என்று ஓரமாய் வைத்தாள்.
"பச்சத் தண்ணி பட்டாக் கூசுதா?"
கூசுது.
"எந்தப் பல்லு?"
கேப் போட்டதுதான்.
"அதுக்குத்தான் உசிரே இல்லையேக்கா.
செத்தவன் எப்படிக் குளிருதும்பான்?"

பானை வாங்குகிறவள் மாதிரி
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தாள்.
எதுவும் வாய் திறக்கவில்லை.
நீலத்தாளைக் கடிக்கச் சொன்னாள்,
உயரமும் சரிதான்.
பிறகு நகமளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை
ஏழாம் பல்லின் ஒரு மூலையில் வைத்தாள்.
"கடிங்க."
கடித்தேன்.
"வலிக்குதா?"
இல்லை.
"விடுங்க."

அம்மா!

கடிக்கும்போது இல்லை. விடும்போது.
ஏழு மாசமாய்
கடிச்சா வலிக்குது கடிச்சா வலிக்குது என்றே
எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.
கடித்தே சம்பளம் வாங்குகிறவள்,
ஒரு கடி எங்கே முடிகிறதென்று
ஒரு நாளும் கவனித்ததில்லை.

அறை விளக்கை அணைத்தாள்.
பேனா போல ஒரு வெளிச்சத்தைப் பல்லோடு ஒட்டி
கண்ணாடியில் காட்டினாள்.
பாதிப் பல் எரிந்தது. பாதி இருட்டு.
நடுவில் ஒரு கோடு, தலைமுடி அதைவிடத் தடிமன்.
வெளிச்சம் அதுவரை வந்து
தாண்டத் தெரியாமல் நின்றிருந்தது.
"கடிக்கையில பிரியுது, விடுகையில மூடுது.
மூடுறப்போ நரம்பக் கிள்ளுது."

அப்போ ஆறாம் பல்?

கையை ரொம்ப நேரம் கழுவினாள்.
"அதுக்கு ஒண்ணுமே இல்லாமக்கூட இருந்திருக்கலாம்.
இப்பச் சொல்ல முடியாதுக்கா."

பஸ்ஸில் ஊர் வரைக்கும்
நாக்கால் அதைத் தடவிக்கொண்டே வந்தேன்.
பக்கத்து வீட்டுக் குற்றத்துக்கு உயிரைக் கொடுத்து
மகுடமும் வாங்கிக்கொண்டு
வழவழவென்று சும்மா இருந்தது.

ஏழாம் பல்லுக்கும் கேப்தான்.
அடுத்த சீட்டு பங்குனியில்.
அதுவரை வலது பக்கம் எதையும் கடிக்கக் கூடாது.

இப்போதெல்லாம் சீடையைக்
காதருகே பிடித்து ஒடிக்கிறேன்.
சத்தத்தை வைத்துத் தலையாட்டுகிறேன்.
உமையாளுக்கு நம்பிக்கை இல்லை.
நான் ஆட்டிய பிறகு
தானும் ஒன்றை எடுத்து வாயில் போடுகிறாள்.

அவளும் இடது பக்கமாய்க் கடிப்பதை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.