எண்ணூற்று நாற்பத்திரண்டாம் இடம்

காலைப் பேருந்தில் வந்தது,
ஓட்டுநரின் காலடியில்,
சீஸ் பொட்டலத்துக்கும் டிராக்டர் பெல்ட்டுக்கும் நடுவே:
பாரஃபின் கட்டி ஒன்று.
அனுப்பிய ஊரின் பெயர் முப்பத்துமூன்று.
ஆம், பெயரே அதுதான்.
உருகுவேயில் எண்ணுக்குள்ளும் ஆட்கள் குடியிருப்பார்கள்.

மெழுகுக்குள் இருந்தது
வாஷிங்டன் எச்செவெரியின் இரைப்பையிலிருந்து
ஊசி கவ்விய நூலிழை.
வயது ஐம்பத்தெட்டு. அரிசி ஆலையில் எடைமேடைக் கணக்கர்.
கீழே யாரோ மருத்துவரின் அவசரக் கையெழுத்து:
ஆறு சென்டிமீட்டர். ஜிஸ்ட்டா?

தெல்மிரா நான்கு மைக்ரானில் சீவினாள்.
வெந்நீரில் மிதந்த ரிப்பனைச்
சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தினாள்.
அந்த நேரம் அவள் மூச்சை அடக்குவதைப்
பதினொரு வருடமாகக் கேட்கிறேன்.

லென்ஸுக்குக் கீழே
கதிர் போல நீண்ட செல்களைத் தேடினேன்,
ஒரே பக்கம் நீந்தும் மீன்குஞ்சுகளை.
இவை உருண்டவை.
சிலவற்றுக்கு இரண்டு உட்கரு.
சளி போன்ற தரையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன,
ஜூலை மழையில் பேருந்து நிலையத்துப் பயணிகள் மாதிரி,
ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல்.

கிட் சாயம் போட்டோம். ஏறவில்லை.
ஓரத்தில் ஒரு மாஸ்ட் செல் மட்டும்
பழுப்பாய் நின்று
சாயத்தில் குற்றமில்லை என்று சாட்சி சொன்னது.
டெஸ்மின் இல்லை. எஸ்-நூறு இல்லை.
எதெது இல்லை என்று எழுதிக்கொண்டே போவது
எங்கள் பிழைப்பில் பாதி.

பிறகு டாக்-ஒன்.
செல் ஓரமெல்லாம் பழுப்புக் கரை.
"அப்போ அதுதான்," என்றாள் தெல்மிரா,
கையுறையைக் கழற்றாமலே.

குடலுக்குத் தாளம் போடும் செல்கள் உண்டே,
நாம் தூங்கினாலும் தூங்காதவை,
அவற்றின் வம்சம் இது.
தசையின் வம்சம் என்றே நெடுநாள் எழுதினார்கள்
எனக்குக் கற்பித்தவர்கள்.
அவர்களைப் பார்த்து நானும் சிலருக்கு.
அந்தச் சிலரின் பெயர்கள் நினைவிருக்கின்றன.

தொலைபேசியில் இல்டா பெந்தங்கோர்:
"பெயர் கிடைத்துவிட்டதல்லவா,
திங்கட்கிழமை மாத்திரை தொடங்குகிறேன்.
சுருங்கட்டும், பிறகு அறுக்கலாம்."
நல்ல மாத்திரைதான். எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்தது.
"பொறு. மரபணு முடிவு வரட்டும்."
"எத்தனை நாள்?"
"ஒன்பது."
அவள் விட்ட மூச்சே ஒன்பது நாள் நீளம்.

ஐந்தாம் நாள் அவரே வந்து நின்றார்,
இருட்டில் கிளம்பி, அக்குளில் வெந்நீர்க் குடுவையோடு,
மாத்தேயை உறிஞ்ச மறந்து.
என் அறைக்கு நோயாளிகள் வருவதில்லை.
உட்காரச் சொல்ல ஒரு நாற்காலிகூட இல்லை.
"லாரியை இரண்டு தடவை நிறுத்துவேன், டாக்டர்.
சுமையோடு ஒன்று, சுமை இறக்கி ஒன்று.
ஒரே எடையை வைத்து ரசீது போட்டதில்லை."
கோபமாகச் சொன்னாரா, அனுமதி கொடுத்தாரா,
இன்றும் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள்.
கிட்: ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு,
எல்லா எக்ஸானும் சுத்தம்.
அடுத்த மரபணுவில், பதினெட்டாம் எக்ஸானில்,
எண்ணூற்று நாற்பத்திரண்டாம் இடத்தில்
அஸ்பார்டிக் அமிலத்தின் இருக்கையில் வேலின்.
ஒரு 'ஏ' 'டி' ஆகியிருந்தது, அவ்வளவுதான்.
பணம் பிணமாக
ஒரு கொக்கி போதாதா?

அந்தக் கொக்கி இருந்தால் அந்த மாத்திரை உள்ளே பிடிக்காது.
விழுங்கலாம், வாந்தி எடுக்கலாம், முகம் வீங்கலாம்,
மாதங்கள் போகும்.
கட்டிக்குச் செய்தியே போய்ச் சேராது.

எழுதினேன்:
இம்மருந்து வேண்டாம். நேராக அறுவை.
இருபது வருடத்தில் நான் எழுதிய நல்ல வரிகளில்
ஒன்றில் 'வேண்டாம்' இருக்கிறது.

ஆகஸ்டில் ஜாடியில் வந்தது, முழுசாக,
உறை கிழியாமல்.
ஐந்து சதுர மில்லிமீட்டரில்
பிளந்துகொண்டிருந்தவை இரண்டே.
அந்த வாரமே அழைத்தார்.
நலம் சொல்லவில்லை, நன்றி சொல்லவில்லை.
"எடை என்ன?"
"நூற்று இருபத்தாறு கிராம்."
மறுமுனையில் பென்சில் உரசும் சத்தம்.
கழித்துக்கொண்டிருந்தார்.