முப்பத்தொன்றாம் தேதி

மாதத்துக்கு முப்பத்தொரு நாள் வைத்தவன் எவனோ
அவனுக்கு முதுகெலும்பு இருந்திருக்காது.
டாக்டர் எழுதித் தருவது அறுபது மாத்திரை,
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
முப்பதாம் தேதியோடு கணக்கு முடிந்தது.
மிச்சமுள்ள ஒரு நாளை
நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று அந்த நாள். ஜனவரி.
சுப்பீரியர் ஏரியே விறைத்துக் கிடக்கிறது.
எதிர்வீட்டு வேய்ன் ஹெய்க்கிலா
விடிகாலை ஐந்துக்கே
பனி வாரும் எந்திரத்தை உசுப்பிவிட்டான்.
அவன் வாசல் பனி முழுக்க என் வாசலில்.
அதன்மேல் நகராட்சி வண்டி வந்து
இன்னொரு கரை கட்டிவிட்டுப் போகும்.
அதைக்கூட மன்னித்துவிடலாம்.
காலுறையைத்தான் முடியவில்லை.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
வலது பாதத்தைப் பார்க்கிறேன்.
அது வேறு ஊரில் இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன்.
இஷ்பெமிங்குக்கும் நெகானிக்கும் நடுவில்
எத்தனை பள்ளம் என்று
என் இடுப்பைக் கேளுங்கள்,
ஒன்று விடாமல் ஒப்பிக்கும்.

மருந்துக்கடையில் ஷெல்பி நிற்கிறாள்.
மூன்றாம் வகுப்பில் என் பஸ்ஸில் வாந்தியெடுத்தவள்,
துடைத்துவிட்டது நான்.
“அடையாள அட்டை, மிஸஸ் லாக்ஸோ?”
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை,
மேலே இருக்கும் கேமராவுக்குக் கேட்கும்படி கேட்கிறாள்.
புட்டிக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி.
கிழவிகளாலும் முடியாது,
அதை யாரும் மேலே அச்சடிப்பதில்லை.

மூன்று மாதத்துக்கொரு முறை கோப்பையில் சிறுநீர்.
கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம்
கொட்டி வைத்திருக்கிறார்கள்,
நான் மொண்டு கலந்துவிடுவேனாம்.
குனிந்து மொள்ள முடிந்தால்
நான் ஏனம்மா இங்கே வருகிறேன்?

ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?
சுவரில் பத்து முகம், சிரிப்பிலிருந்து அழுகை வரை.
எட்டு என்றால் போதைக்கு அலைகிறவள்.
நாலு என்றால் மாத்திரை எதற்கு?
ஆறு என்கிறேன்.
ஒழுக்கமான பெண்ணுக்கு உரிய எண்.
ஒன்பது வருஷமாக ஆறு, ஆறு என்கிறேன்,
ஆறவில்லை.

பிப்ரவரியில் நாலு மாத்திரை மிஞ்சும்.
மிஞ்சியது தெரிந்தால்
“அப்படியானால் குறைத்துப் பார்க்கலாமே” என்பார்.
போன வருஷம் பார்த்தோம்.
முஸ்தியின் இடுப்புக்கு மட்டும்
நாய் டாக்டர் ஒரு டப்பா நிறையத் தந்தார்.
மாட்டுக்கறி வாசம். கையெழுத்துகூட இல்லை.
எத்தனை ராத்திரி அந்த லேபிளைப் படித்திருக்கிறேன்
என்பது எனக்கும் முஸ்திக்கும் மட்டும் தெரியும்.
அது வாலாட்டும்.
நான் டப்பாவைத் திரும்ப மேலே வைப்பேன்.

எந்திரம் இன்னும் இரைகிறது.
ஒற்றைக் காலுறையோடு கதவைத் திறந்தேன்,
தொண்டை வரைக்கும் வசவு.
வேய்ன் அதை நிறுத்தினான்.
தாடியில் பனி.
“தூக்கமில்லையா?” என்றேன், வேறு ஏதோ சொல்லப் போனவள்.
“உனக்கு?”
“முப்பத்தொன்று.”
தலையாட்டினான்.

அவன் மகன் டெரிக்கும் என் பஸ்தான்.
கடைசி இருக்கை,
ஜன்னலில் மூச்சுவிட்டுப் படம் வரைவான்.
பனிக்கட்டி ஹாக்கியில் தோள் இறங்கியது,
மூன்று வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள்
இதே மாத்திரையை.
அப்போதெல்லாம் யாரும் எண்ணவில்லை.
அவனை அடக்கம் செய்தபின்தான்
எண்ணத் தொடங்கினார்கள்.

வேய்னிடம் நான் இதைப்பற்றிப் புலம்புவதில்லை.
அவனும் என்னிடம் நியாயம் பேசுவதில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவில்
ஒரு தெரு, நிறையப் பனி.

கயிற்றை இழுத்தான். எந்திரம் பிடித்துக்கொண்டது.
பனி வளைந்து எழுந்து
மறுபடியும் என் வாசலிலேயே விழுந்தது, படுபாவி.

உள்ளே வந்தேன்.
இன்னொரு காலுறை தரையில் கிடக்கிறது.
நாளைக்கு ஒன்றாம் தேதி,
கடை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள்.