இடது உள்ளங்கை

ஸ்பீட் கன் பிடித்திருந்தவர் நூற்று முப்பத்தெட்டு என்றார்.
நீலத் தொப்பிக்காரர் எழுதிக்கொண்டார்.
ஸ்டம்புக்குப் பின்னால் பதினெட்டு எட்டு தள்ளி
நான் குந்தியிருந்தேன்.
என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆறு வருடமாக ஜெரோஷனின் பந்தைப் பிடிக்கிறேன்.
சுட்டுவிரலின் அடிமூட்டு அவனால் பருத்தது.
நூற்றுமூன்றாம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால்
இன்றும் தெரியும்.
மழைக்கு முந்திய பந்து,
மழைக்குப் பிந்திய பந்து,
கணிதத்தில் இருபத்தொன்று எடுத்த நாளின் பந்து,
எல்லாம் வேறு வேறு சத்தம்.

அன்று நாலு பந்து மட்டும் முழு வேகம்.
ஐந்தாவது மிதந்து வந்தது.
"பாருங்க, என்ன அருமையான ஸ்லோவர் பால்!"
கைதட்டினார்கள்.
அவனும் சிரித்தான், பல்லைக் கடித்தபடி.

அந்த மாதம் மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் மெல்பேர்னிலிருந்து,
பல்கலைக்கழகப் பெயர் தைத்த சேர்ட்டோடு.
கட்டணத்தில் அறுபது வீதம் கழிவு,
படிக்கலாம், ஆடலாம், உடம்பைப் பார்க்க டொக்டர் உண்டு என்றார்.
மற்ற இருவர் லீக் ஆட்கள்.
படிப்பைப் பற்றி அவர்களுக்குப் பேச்சில்லை.
தோளை அமுக்கிப் பார்த்தார்கள்,
பேலியகொடையில் மீன் வாங்குகிறவர்
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

ஜம்பட்டா வீதி வீட்டில் அவன் அப்பா
மின்சார பில்லின் முதுகில் ஒரு கோடு கிழித்தார்.
இடப்பக்கம்: மீதி நாற்பது வீதம், டிக்கெட்,
அறை வாடகை, குளிருக்கு ஒரு ஜக்கெட்.
வலப்பக்கம் ஒரே ஓர் எண்,
டொலரில்,
அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
துறைமுகத்தில் கிளியரிங் வேலை அவருக்கு.
பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லுவார் என்று பெயர்.
அந்தக் கேள்விக்குறியை மட்டும்
மேலும் மேலும் தடிப்பாக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு படிவம். இரண்டிலும் ஒரே கேள்வி:
கடந்த பன்னிரண்டு மாதத்தில் காயம் ஏதும்?
எங்கள் மொட்டைமாடியில் வைத்து
என் பேனையால் எழுதினான்.
இல்லை.
இல்லை.
விழுந்த மூடியை எடுக்கக் குனிந்தவன்
பாதியில் நின்றான்.
நான் எடுத்துக் கொடுத்தேன்.
"பார்க்காத மச்சான்."
மூடியைத்தான் பார்த்தேன் என்றேன்.

வெள்ளி இரவு தெரிவு.
மெல்பேர்னுக்குப் பதில் சொல்லக் கடைசி நாளும் அதே வெள்ளி;
அவர்களுடையது நம்முடையதைவிடச் சீக்கிரம் முடியும்.
இஹ்ஸானின் போன் கடைக்குள் இருபது பேர்,
வெளியே நடைபாதையில் இன்னும் கொஞ்சம்.
ஆறரைக்கு அங்கே நள்ளிரவு ஆனது.
கையிலிருந்த போனை ஜெரோஷன்
கவிழ்த்து மேசையில் வைத்தான்.
பிளேன்டீ ஆடை கட்டிப்போயிற்று.
வெளிநாட்டுப் பெயர்கள், சிக்ஸர் அடிக்கிறவர்கள்,
இடது கைச் சுழல்பந்து, இன்னும் ஒரு இடது கைச் சுழல்பந்து.
இடையில் விளம்பரம்: பெயின்ட், பிஸ்கட், மறுபடி பெயின்ட்.

பத்து மணிக்கு, கடைசிக்கு முந்திய சுற்றில்,
ஒரு பெண் அட்டையைத் திருப்பினாள்.
ஜெரோ என்பது வரை சரியாக வாசித்தாள்.
மிச்சத்தை நாங்கள் கத்தினோம்.

சீனவெடி. நாய்கள்.
திரீவீலர்களின் ஹோர்ன்.
அவன் அப்பா ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.
அவனைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்,
தொடையோடு சேர்த்துப் பிடித்து,
முதுகில் ஒரு கையும் படாதபடி.

திங்கள் காலைப் பயிற்சி.
இப்போது அவன் தலையிலும் நீலத் தொப்பி.
ஓடி வரும்போது அதைக் கழற்றி அம்பயரிடம் கொடுக்க மறந்து,
திரும்பிப் போய்க் கொடுத்து,
மறுபடி ஓடி வந்தான்.
அதே குதிப்பு. அதே மூச்சு.

பந்து வந்து கையுறைக்குள் இருந்தது.

"எப்படி?" என்று அங்கிருந்தே கேட்டான்.
தலையாட்டினேன்.
அவன் திரும்பி நடக்கும்போது
கையுறையைக் கழற்றிப் பார்த்தேன்.
சிவக்கவே இல்லை.