குழாய் மட்டம்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
'இம்முறையை யாரிடமிருந்து அறிந்தீர்கள்?'
விடைக்கு ஒன்றரை அங்குல இடம்.

யாதெங்கா மேட்டில் பதினோரு ஊருக்கும்
கணக்கெடுக்கும் ஆள் நான்.
மொபெட் ஒன்று, தொப்பி ஒன்று,
உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய்
பன்னிரண்டு மீட்டர்.

செய்முறை விளக்கத்துக்கு நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள்.
குழாயில் நீர் நிரப்பி, ஆளுக்கொரு முனை பிடித்து,
இரு பக்கமும் நீர் ஒத்து நிற்கும் இடம் பார்த்துக்
கல் வைக்கச் சொன்னேன்.
ஓடுகிற மழையைக் கல்வரிசை
கொஞ்சம் நிறுத்திவைத்துப் பேசும் என்றேன்.
கை தட்டினார்கள். சோளக் கள் குடித்தார்கள்.
கலைந்து போனார்கள்.
அடுத்த ஆண்டுவரை
ஒரு கல்கூட இடம் மாறவில்லை.

ராவ்கோ மட்டும் வைத்தான்.
என் பேச்சைக் கேட்டு அல்ல.
அண்ணனோடு பாகப்பிரிவினையில்
வழுக்கைத் தலைபோல் ஒரு நிலம் அவன் பங்குக்கு வந்தது.
மழை அதில் கால் ஊன்றாது, சிரித்துக்கொண்டே ஓடும்.
வேறு போக்கில்லாதவன் கல் சுமந்தான்.
"கல்லை விதைக்கிறான், மலையை அறுப்பான்" என்றது ஊர்.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

ஜூனில் முதல் மழை.
மற்ற வயல்களில் வந்தது, போனது.
அவன் வயலில் மறுநாள் மதியம்வரை
மண் கறுத்தே கிடந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
தலையைத் திருப்பாமல்
கண்ணை மட்டும் திருப்பி நடந்தார்கள்.

ஒன்பதாம் நாள் நாற்பது கற்களைக் காணோம்.

என் மொபெட்டின் பின்னால் தொற்றிக்கொண்டு
கழுதைவண்டித் தடம் பிடித்து வந்தான்.
ஓடைக்கு அப்பால் கூக்காவின் கம்பங்கொல்லை.
கல் இவனுடையதுதான்.
வரிசைதான் சரிவோடு சரிவாக,
மழைக்குப் பாதை போட்டுக் கொடுத்ததுபோல.

அடிதடிக்குக் காத்திருந்தேன்.
ராவ்கோ அந்த வரிசையோரமாக
மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்தான்.
"திருடத் தெரிந்தவனே,
வைக்கத் தெரியாதா உனக்கு?"
கத்திவிட்டு என் பக்கம் கை நீட்டினான்:
குழாய்.

பேச்சுவார்த்தை இல்லாத இருவர்,
ஆளுக்கொரு முனை.
முகம் பார்க்கவில்லை, நீரைப் பார்த்தார்கள்.
நீருக்கென்ன,
ஒரே உயரத்தில் நின்றது.

கடைசியில் கல் போதவில்லை.
குறுக்கே ஷியா மரத்தின் அடிக்கட்டை வேறு.
கூக்கா வரிசையை அந்த இடத்தில்
கொக்கிபோல் மடக்கி முடித்தான்.
அவ்வளவுதான் காரணம்.

குழாய் என்னிடம் திரும்பவில்லை.
சாவுக்குப் போன தலாத்தோ
பிறந்த ஊருக்கு எடுத்துப் போனாள், தம்பிக்குக் காட்ட.
தம்பியின் மச்சான் பெட்ரோல் உறிஞ்ச
ஒரு முழம் அறுத்துக்கொண்டான்.
அடுத்த ஊரில் ஆடு கடித்தது.
தலைவர் வயலில்தான் முதலில் என்று
நான் பணிந்து தொடங்கிய சில்மூகுவில்
இன்றுவரை தலைவர் வயலில் மட்டும்தான்.

மூன்றாம் ஆண்டு, படிவத்தோடு வீடு வீடாக.
ஏழாவது கேள்வி.
'யாரிடமிருந்தும் இல்லை.'
'எனக்கே தோன்றியது.'
'கழுதை கல் தடுக்கி விழுந்தது, யோசித்தேன்.'
கூக்கா, மோவாயைச் சொறிந்தபடி:
'எங்கள் குடும்பத்தில் எப்போதும் உண்டு.'
திருட்டுக்குக் கட்டம் இல்லை. பொறாமைக்கும் இல்லை.
'செய்முறை விளக்கம்' என்பதற்கு இருந்தது.
அதில் குறியிட்டேன்,
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

போன மாதம், நான் கால் வைத்திராத ஓர் ஊர்.
மேட்டில் மொபெட்டை நிறுத்திப் பார்க்கிறேன்:
வயலுக்கு வயல் கல்வரிசை.
ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில்
கொக்கிபோல் மடங்கி.
அடிக்கட்டை எதுவும் அங்கே இல்லை.

கடைசிக் கல்லைக் காலால் நெம்பிக்கொண்டிருந்தவளிடம்
ஏன் இந்த வளைவு என்றேன்.
முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"வளைக்காவிட்டால் மழை நிற்குமா?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டு
நிற்காது என்றேன்.