காலி எடை

அதிகாலை நாலே கால்.
எடைமேடைக்கு வெளியே பதினேழு லாரிகள்,
விளக்கை அணைத்து, எஞ்சினை அணைக்காமல்.
குயாவியின் நவம்பர் மூடுபனியில்
சர்க்கரைப் பீட்ரூட் மண்ணோடு குவிந்து கிடக்கிறது.
மேடை இருக்கிறது, நான் இருக்கிறேன்,
எண்ணை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

மடிக்கணினி எழ மறுக்கிறது.
கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு,
சொல்ல வந்ததை மறந்துவிட்டு
இமைத்துக்கொண்டே நிற்கிறது.

மேடையின் கம்பியைச் செருகும் ஒன்பது ஊசித் துளை
இதற்குப் பின் வந்த எதிலும் இல்லையாம்.
அதனால்தான் ஆலை இதைச் சாக விடவில்லை.
பிழைக்கவும் வைக்கவில்லை.

அணைத்தேன். போட்டேன்.
பேட்டரியைக் கழற்றி ஊதினேன்.
திட்டினேன், கொஞ்ச நேரம் கழித்து மன்னிப்புக் கேட்டேன்.
தேதி என்ன என்றால்
2009 ஜனவரி ஒன்று என்கிறது.
அன்றைக்கு எனக்கு
இரண்டு கடைவாய்ப் பற்கள் கூடுதல்.

ஆய்வுக்கூடத்து இரெனெவுஷ் போனில் சொன்னான்:
"இயங்குதளத்தையே புதுசா போட்டுடு, லுத்கா.
எட்டு ஜிபி பென்டிரைவ் கொண்டா, இறக்கித் தர்றேன்."
என் மேசையில் இருந்தது
ஸ்டேப்ளரும் பாதி வெள்ளரி ஊறுகாயும்.

லாரி லாரியாகக் கதவைத் தட்டினேன்.
ஐந்து பேர் கையை விரித்தார்கள்.
ஆறாவது வண்டியில் ஜெனோன்
ஸ்டீரியோவிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தந்தார்.
"காலிதான்" என்றார்.

காலி இல்லை.
செருகியதும் விரிந்தது:
நார்வேஜியன், பாடம் ஒன்று. பாடம் இரண்டு.
அறுபது வரை.
எல்லாம் அழியும், சம்மதமா என்றது கணினி.
பனியில் ஓடி அதையே அவரிடம் கேட்டேன்.

"அழி. ஒன்பதைத் தாண்டினதில்லை.
அங்கே மீன் லாரி ஓட்டப் போறதா இருந்தேன்.
அப்புறம் முதுகு வலி. அப்புறம் இந்த வண்டித் தவணை."
விரல் மடக்கி எண்ணியவர்
மூன்றாவதை மடக்காமலே விட்டார்.

எடை போடுகிறவள் சொல்கிறேன்:
அறுபது பாடம் இருந்த பென்டிரைவும்
இல்லாத பென்டிரைவும்
என் மேடைக்கு ஒன்றுதான். பூஜ்யம்.

குளிருக்கு ஒதுங்கி அவரும் உள்ளே வந்து நின்றார்.
முதல் கேள்வி: எந்த மொழி?
போலிஷுக்குப் போகிற வழியில்,
தேய்ந்த டச்பேடில் விரல் வழுக்கி
நோர்ஸ்க் என்ற இடத்தில் அழுந்திவிட்டது.
திரை முழுக்க நார்வே.

ஜெனோன் குனிந்தார்.
"வெல்கொம்மென்."
அடுத்த வரியையும் விட்டுவிடவில்லை.
முழங்காலளவு தண்ணீரில் நடக்கிறவரைப் போல
ஒவ்வொரு சொல்லாகக் காலூன்றிப் போனார்.
என்ன அர்த்தம் என்றேன்.
"முதல் சொல் மட்டும்தான் தெரியும்."

வெளியே ஒரு ஹாரன். பிறகு மூன்று.
இன்னும் கொஞ்சம் பொறுத்து
மாற்றினேன்.

வட்டு முழுவதையும் அழிக்கவா?
பதினைந்து பருவத்து எடைகள்.
கார்பன் பிரதிகள் அலமாரியில்,
எலிகள் விட்டது போக. சரி, அழி.
பெயர்? லுத்கா.
கடவுச்சொல் பலவீனமானது என்றது.
தெரியும்.
தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றுகொண்டு
ஒரு தேநீர் ஆறும்வரை நகரவில்லை.

ஆறு இருபதுக்கு வந்தது.
எடைக்கணக்கு நிரலைப்
பழைய குறுந்தகட்டிலிருந்து ஏற்றினேன், கம்பியைச் செருகினேன்,
முதல் லாரி ஏறியதும்
எண்கள் தடுமாறி, பிறகு நின்றன.

ஆறாவதாக ஜெனோன்.
சரக்கோடு முப்பத்தொன்பது டன் நானூற்றிருபது.
கொட்டிவிட்டு வந்து பதினைந்து டன் எண்ணூறு.
"காலி எடையில் நானும் சேர்த்திதானே?"
"எப்பவும்."

பென்டிரைவை ஜன்னல் வழியே நீட்டினேன்.
சட்டைப்பையில் போடுவார் என்று பார்த்தால்
திரும்ப ஸ்டீரியோவில் செருகினார்.
தேடித் தேடிப் பார்த்துவிட்டு அது
கோப்பு எதுவும் இல்லை என்று
நீல எழுத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது.
அணைக்காமல்
வண்டியை எடுத்தார்.