கழுவக்கூடியது

ஈக்கோவின் முன்சீட்டைத் தூக்கி
சமியுல்லா ஃபில்டரை உருவியபோது
மடிப்பு மடிப்பாய் ஜெகதேவி இருந்தது.
பாலிஷ் பட்டறைகளின் வெள்ளைப் பொடி,
மாசியில் உதிர்ந்த மாம்பூத்துகள்,
ஒரு தட்டானின் ஒற்றை இறக்கை,
பர்கூர் மேம்பாலத்தடி லாரிகளின் கரி.
டயரில் தட்டினார்.
தட்டுவதை நிறுத்தும்வரை
விழுந்துகொண்டே இருந்தது.

"ரெண்டு வகை இருக்குக்கா."
காகிதம், இருநூற்று எண்பது.
பஞ்சு, நாலாயிரத்து நானூற்று எண்பது,
சிவப்பாய், மெத்தென்று,
நகைப்பெட்டியில் வைத்ததுபோல.
வண்டி ஆயுசுக்கும் போதுமாம்,
கழுவிக் கழுவிப் போடலாமாம்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
பதினாறு காகிதம் சேர்ந்தால் ஒரு பஞ்சு.
இந்த ஊர்த் தூசிக்கு நாலு மாசத்துக்கு ஒன்று.
ஐந்து வருஷம் தாண்டித்தான் லாபம் தொடங்கும்.
தவணை முடியவே மூன்று வருஷம் இருக்கிறது,
அதற்கப்புறம் வண்டி யார் கையிலோ.

அதோடு விட்டிருக்கலாம்.
எப்படிக் கழுவுவது என்று கேட்டுத் தொலைத்தேன்.

சோப்புத் தண்ணீரில் ஊறணும், பிழியக் கூடாது.
உள்ளிருந்து வெளியே அலசணும்.
நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயணும்,
வெயில் ஆகாது.
பிறகு மடிப்புக்கு மடிப்பு எண்ணெய்.
கூடினால் சென்சார் கெடும்,
குறைந்தால் தூசி உள்ளே போகும்.

என் முனிராஜின் துண்டு ஞாபகம் வந்தது.
கல் அறுக்கும்போது நனைத்து மூக்கோடு கட்டுகிற துண்டு.
இரவு பத்து மணிக்கு மேல் ஊறவைப்பேன்.
முதல் தண்ணீர் பாலாக வரும், அப்புறம் நீர்மோராக,
அதற்கு மேல் தெளியவே தெளியாது.
எட்டு வருஷத்தில் துண்டுகள் மாறியிருக்கின்றன.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
கழுவலாம் என்று எழுதியிருந்தது.
யார் கழுவுவது என்று எழுதவில்லை.

காகிதமே கொடுங்க என்றேன்.
பழையதை அவர் கடையோரக் குவியலில் எறிந்தார்.
ஏற்கெனவே அங்கே ஒரு ஆள் உயரத்துக்குக் கிடந்தது.
கொஞ்சம் குற்றமாகத்தான் இருந்தது,
பொய் சொல்லவில்லை.

அன்றிரவு துண்டை ஊறவைக்கவில்லை.
விடிந்ததும் முனிராஜ் அதை உதறினார்.
வாசல் வெளுத்தது.
ஒன்றும் கேட்காமல் நனைத்துக் கட்டிக்கொண்டு போனார்,
தெருமுனைவரை சத்தம் கேட்டது.

சாவியைத் திருகினேன்.
வண்டி இருமவில்லை.