நாற்பத்தொரு மீன்கள்

குழந்தைகள் மருத்துவமனையில் என் அறைக் கூரையில்
நாற்பத்தொரு மீன்கள்.
ஒன்றுக்கு மட்டும் கண் இல்லை,
ஏசி ஒழுகி அழிந்துவிட்டது.
அரிவாளாய் வளைந்த அணுக்கள்
முழங்காலுக்குள் சிக்கிக்கொள்ளும் இரவுகளில்
அதிலிருந்துதான் எண்ணத் தொடங்குவேன்.

பதினெட்டு முடிந்த மறுவாரம்
நர்ஸ் வெர்லீன் கப்கேக் வாங்கி வந்தாள்.
என் கோப்பைத் தூக்கித் தந்து
"உன்னைவிட கனம்டி இது" என்றாள்.
எந்த நரம்பு ஊசிக்கு வழிவிடும் என்று
அவள் விரலுக்குத் தெரியும்.
விரலைக் கோப்பில் வைத்துத் தர முடியாதே.

பெரியவர்கள் மருத்துவமனை எதிர்ச் சாரியில்தான்.
நடுவில் பாப்லர் அவென்யூ, ஒரு சிக்னல்,
நாலு நிமிட நடை.
நான் போய்ச் சேர ஐந்து மாதம் ஆனது,
அதுவும் ஆம்புலன்ஸில்,
மெம்ஃபிஸ் வெந்துகொண்டிருந்த ஆகஸ்ட் ராத்திரி
இரண்டு மணிக்கு.

இங்கே சிரிக்கிற, அழுகிற முகங்கள் வரைந்த அட்டை கிடையாது.
"பத்துக்கு எத்தனை?"
ஒன்பது என்றேன்.
அவர் என் கண்களைப் பார்த்தார். காய்ந்திருந்தன.
கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார்.
மருந்தின் பெயரையும் அளவையும் நான் பிசகாமல் சொன்னதை
எழுதிக்கொண்டார்,
திருடியின் வாக்குமூலம் போல.

அழாமல் ஊசி போட்டுக்கொண்டால்
அங்கே ஸ்டிக்கர் தருவார்கள்.
டப்பா டப்பாவாகச் சேர்த்தவள் நான்.
இனி எங்கே போய் அழக் கற்றுக்கொள்வது?

அம்மா இரவுப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.
வந்திருந்தாலும் திரைக்கு வெளியேதான்:
இனி என் கையெழுத்து போதும்.
ட்ரிப் ஏறிய கையால் போட்டேன்,
பூச்சி ஊர்ந்த மாதிரி.
மருந்து விடிந்த பிறகு வந்தது.

அடுத்த வாரம் ரத்தநோய் கிளினிக்.
பக்கத்து நாற்காலியில் ஒருவர்,
மஞ்சள் பாய்ந்த கண்கள், மடியில் கைத்தடி,
சிப்ஸ் தின்றபடி பார்க்கிங் கட்டணத்தைத்
திட்டிக்கொண்டிருந்தார், குறிப்பாக யாரிடமும் இல்லை.
"லான்ஸெல் பிக்கட்? பிறந்த தேதி?"
சொன்னார்.
மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். தப்பு.
மறுபடி, விரல் விட்டு.

ஐம்பத்து மூன்று.

எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில் மூத்தவன் ஜமார்தான்,
மீன்கள் இருந்த வார்டில் அடுத்த அறை.
பத்தொன்பதைத் தொடவில்லை.
இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு
தலை நரைக்கவும் முடியும் என்று
யாரும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

அவர் எழுந்து போய்விட்டார்.
நாற்காலியில் சிப்ஸ் துகள்கள்.
கட்டணம் எவ்வளவு என்றாவது
கேட்டு வைத்திருக்கலாம்.

என்னிடம் இன்னும் கார் இல்லை.